கடைசி பஸ்ஸுக்கு முன்னால் செத்துப்போனவள்

எங்கள் கல்லூரி நாடக மன்றத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி இப்போது படிக்கிற பிள்ளைகள் போனில் கேட்டார்கள். "அக்கா, மூணு வருசம் நடிச்சிருக்கீங்கல்ல, பெருமையா ரெண்டு பக்கம் எழுதுங்க" என்றாள் ஒருத்தி. நடித்தேனா? செத்தேன் தாயி, செத்தேன்! மூன்று வருடமும் மேடையேறிச் செத்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. அதைப் பெருமையாக எழுதச் சொன்னால் எழுதுகிறேன், எனக்கென்ன வந்தது.

எங்கள் நாடகங்களைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் எங்கள் பஸ்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு விழா மத்தியானம் தொடங்கும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். தொடங்காது. சிறப்பு விருந்தினர் வருவார். வந்தவர் பேசுவார். "இறுதியாக" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பேசுவார். அப்புறம் பரிசு, பொன்னாடை, நன்றியுரை. எல்லாம் முடிந்து நாடகத்துக்குத் திரை விலகும்போது பொழுது சாய்ந்திருக்கும். படிப்பது இராமநாதபுரத்தில் என்றாலும் எங்களில் பாதிப்பேர் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. ஒருத்தி தொண்டி, ஒருத்தன் இராமேஸ்வரம், நான் அபிராமத்துக்கும் அந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமம். ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசி பஸ் இருந்தது. அது கலைக்காகவெல்லாம் நிற்காது.

நாடகங்களை எழுதி இயக்கியவர் எங்கள் தமிழ் சார். புதுமடத்துக்காரர். சொந்தமாக பைக் வைத்திருந்ததால் அவர் ஒருவருக்குத்தான் பஸ் கவலை இல்லை. முன்பெல்லாம் அவரும் திறமையைப் பார்த்துத்தான் வேடம் கொடுத்தாராம். ஒரு வருடம் இரண்டாவது காட்சியிலேயே கதாநாயகன் பஸ்ஸுக்குப் போய்விட, மிச்ச நாடகம் முழுவதும் "அவர் எங்கே போனாரோ" என்று மற்றவர்கள் அழுதே ஒப்பேற்றினார்களாம். அதோடு சாருக்கு ஞானம் வந்துவிட்டது. அதற்கப்புறம் வேடம் கேட்டுப் போனால் பேசிக்காட்டச் சொல்ல மாட்டார், அழுதுகாட்டச் சொல்ல மாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"ஒனக்குக் கடைசி பஸ் எதும்மா?"

அந்தப் பதிலில் நம் ஆயுள் முடிவாகிவிடும். ஹாஸ்டல் பையன்கள் சாகவே மாட்டார்கள். ராஜா, தளபதி, கதாநாயகன் எல்லாம் அவர்கள்தான். இராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்களுக்குத் தீர்க்காயுசு. தொண்டிக்காரி பாதி நாடகம் வரை உயிரோடு இருக்கலாம். அபிராமத்துக்கு அந்தப் பக்கம் என்று ஒருத்தி சொன்னால் சார் பேனாவை மூடிவிட்டு, பாவமாகப் பார்த்து, "மொதக் காட்சியிலயே போயிருவம்மா" என்பார்.

எங்கள் நிரந்தரக் கதாநாயகன் ஒரு ஹாஸ்டல் பையன். வசனம் மறந்துபோனால் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்ப்பான். அடிக்கடி மறக்கும். ஆனால் அவன் அறை கலையரங்கத்துக்குப் பின்னாலேயே இருந்தது, அதனால் மூன்று வருடமும் மேடையை ஆண்டான். நான் ஒத்திகையில் கண்ணீர்விட்டு அழுது ஹாஸ்டல் சமையல்காரம்மாவையே அழ வைத்தவள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

முதல் வருடம் ராஜா நாடகம். நான் ராணியின் தோழி. ராணிக்கு வைத்த விஷப் பாலைத் தெரியாமல் குடித்துச் சாக வேண்டும். "தேவி, பால் கசக்கிறதே!" என்று ஒரே ஒரு வசனம். குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வாயோரம் வழிய விட்டுக்கொண்டு, துடிதுடித்துச் செத்தேன். இரண்டு காவலர்கள் என்னை ஒரு பலகையில் போட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே தூக்கிப்போனார்கள். வெளியே வந்தால் ரோடு. ரோட்டில் என் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. பலகையிலிருந்து குதித்து, கால்சலங்கை சலசலக்க ஓடி, படியில் தாவி ஏறினேன்.

முன் சீட்டில் மீன் கூடையோடு இருந்த அம்மா என்னைப் பார்த்ததும் "அய்யய்யோ!" என்று கத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டார். கண்டக்டர் என் வாயையும் தாடையையும் பார்த்தார்.

"ஏத்தா, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்ல இருக்கு? இது அபிராமம் போற வண்டி."

"நாடகம்ணே. நான் செத்துட்டேன். பாஸ் இருக்கு."

அவர் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துவிட்டு மறுபடியும் என்னிடம் வந்து குனிந்தார்.

"பால்ல வெசம் வச்சது யாரு?"

"தெரியலண்ணே. அதுக்குள்ளதான் நீங்க வந்துட்டீங்களே."

"அடச்சே!" என்றார். நிஜமாகவே மனம் நொந்துபோய்விட்டார்.

வீட்டில் அம்மா என் முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "சாகுறதுக்கு எதுக்குடி ஒரு மாசம் ஒத்திகை? சும்மா படுத்தாப் போதாது?" அய்யா ஒன்றும் கேட்கவில்லை. அபிராமம் பஸ் ஸ்டாண்டில் தன் டிவிஎஸ் வண்டியோடு நின்று என்னைக் கூட்டிவருவது அவர் வேலை. காலையில் "பஸ்ஸ விட்டுறாத" என்பார். சாயங்காலம் "பஸ் கெடச்சுச்சுல்ல?" என்பார். என் கலை வாழ்க்கையைப் பற்றி அவர் பேசியதெல்லாம் அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்குப் பெரிய வருத்தமில்லை. மறுநாள்தான் வந்தது. நாடகம் முடிந்ததும் எல்லாரையும் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்கள். கைதட்டுவார்கள். வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் மன்றத்து அறைச் சுவரில் தொங்கும். போய்ப் பார்த்தேன். ராஜா இருக்கிறான், ராணி இருக்கிறாள், என்னைத் தூக்கிப்போன இரண்டு காவலர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் அந்தப் பலகைகூடச் சாய்த்து வைத்திருக்கிறது. நான் இல்லை. பலகைக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று அந்த அறையிலேயே நின்று அழுதேன். ஒரு தடவையாவது கடைசிக் காட்சியில் உயிரோடு நின்று, கைதட்டு வாங்கி, அந்தச் சுவரில் ஏறிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

இரண்டாவது வருடம் கடலோரக் கதை. கடலுக்குப் போனவனைத் தேடிப்போகும் தங்கச்சி நான். புயல் வருவதை ஊருக்குச் சொல்லிவிட்டு அலையில் சிக்கிச் சாக வேண்டும். போன வருடத்தைவிட வசனம் கூடுதல். ஆனால் அந்த வருடம் வந்த சிறப்பு விருந்தினர் தன் பள்ளிக்கூட நாட்களிலிருந்து பேச்சை ஆரம்பித்தார். பேச்சில் அவர் கல்லூரி நாட்களுக்கு வந்து சேர்வதற்குள் எனக்குப் பஸ் நேரம் ஆகிவிட்டது. திரை விலகியதும் வெளியே ஆரன் சத்தம். சார் ஓரத்திலிருந்து கையைக் காட்டி, "வசனம் வேணாம்! வந்ததும் செத்துரு!" என்றார்.

வந்தேன். "அய்யோ" என்றேன். செத்தேன். போய்விட்டேன்.

புயல் வருகிறது என்று யாரும் சொல்லாததால் மேடையில் இருந்தவர்களுக்கு நான் ஏன் செத்தேன் என்றே தெரியவில்லை. கதாநாயகன் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு, "இவளைக் கொன்றது யார்?" என்று ஒரு வசனத்தை அவனாகவே எடுத்துவிட்டான். போச்சுடா! அதிலிருந்து அது கொலை வழக்கு ஆகிவிட்டதாம். ஆளாளுக்கு ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். கடைசியில் கல்யாணக் காட்சி நடக்கும்போது தொண்டி பஸ் வந்துவிட்டது. மணப்பெண் தொண்டிக்காரி. அவள் மாலையும் கழுத்துமாக எழுந்து, "இருங்க, இந்தா வந்துர்றேன்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, மேடையைவிட்டு இறங்கிக் கூட்டத்துக்கு நடுவே நடந்து போய்விட்டாளாம். மாப்பிள்ளை காலி நாற்காலிக்குத் தாலி கட்டியிருக்கிறான். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர், கணவன் கடலில் இருக்க வாழும் பெண்களின் தனிமையை அந்த நாற்காலி எப்படிக் காட்டியது என்று மேடையேறிப் பாராட்டினாராம். நாற்காலிக்குப் பாராட்டு! அந்த வருடப் படத்தில் அந்த நாற்காலியும் இருக்கிறது. நான் இல்லை.

பஸ்ஸில் கண்டக்டர் எனக்காகக் காத்திருந்தார்.

"இந்த வருசம் எப்படித்தா செத்த?"

"எனக்கே தெரியலண்ணே."

"என்னத்தா நீ? ஒவ்வொரு வருசமும் கதைய ஆரம்பிச்சுட்டு ஏறிர்ற. மிச்சத்துக்கு நான் எங்கன போவேன்?"

மூன்றாவது வருடம் நான் நேராக சாரிடம் போனேன். "சார், இந்த வருசம் நான் சாகமாட்டேன். கடைசிக் காட்சி வேணும். இல்லைன்னா வேடமே வேணாம்" என்று கரடியாகக் கத்தினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேடம் தந்துரலாம்மா. பஸ்ஸ என்ன செய்வ?"

"அத நான் பாத்துக்கிறேன்."

"இன்ஷா அல்லாஹ், இந்த வருசம் ஒனக்கு ஆயுசு கெட்டி" என்று சொல்லி, ராணி வேடத்தைக் கொடுத்தார். கதை இதுதான்: நாட்டைக் காட்டிக்கொடுத்த அமைச்சரை ராணி கடைசிக் காட்சியில் விசாரித்து, விஷக் கோப்பையைக் குடிக்கும்படி தீர்ப்பு சொல்ல வேண்டும். அமைச்சர் குடித்துச் சாவார். ராணி உயிரோடு நிற்பாள். சுபம். அந்தத் தீர்ப்பை மிளகாய்க் காட்டில் பழம் பறித்துக்கொண்டே மனப்பாடம் செய்தேன். பக்கத்து வரப்பில் போனவர்கள் எல்லாம், எந்த அமைச்சர் மேல் இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கண்டக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். "அண்ணே, இந்த வருசம் நான் சாகல. முழுக் கதையும் இருக்கு. வண்டிய கொஞ்சம் நிறுத்துவீங்களா?"

"வண்டிய நிறுத்தவா? என் வேலைய நிறுத்திருவாங்கத்தா" என்றார். ரெண்டு ஸ்டாப் தள்ளித் திரும்பி வந்து, "அமைச்சருக்குத் தெரியுமா, ராணி கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

விழா அன்று காலையில் அய்யா மிளகாய் மூட்டைகளோடு இராமநாதபுரம் மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அய்யா, அப்படியே காலேஜுக்கு வாங்களேன். இந்த வருசம் நான் ராணி" என்றேன்.

"மண்டியில எடை போடவே பொழுது போயிரும்த்தா. சாயந்தரம் நானும் அந்த வண்டியிலதான் வாரேன். பஸ்ல பாப்போம்." இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "பஸ்ஸ விட்டுறாத."

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அம்மா மட்டும் வாசலில் நின்று, "போடி, இந்த வருசமாச்சும் பொழச்சு வா" என்றாள்.

அந்த வருடச் சிறப்பு விருந்தினரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சுருக்கமாகப் பேசுவார் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். அவர் பேசி முடிக்கும்போது தொண்டி பஸ் போயே போய்விட்டது. என் தோழியாக நடிக்க வேண்டியவள் அதில் போய்விட்டாள். சரி, ராணிக்குத் தோழி எதற்கு என்று ஆரம்பித்தோம். நாடகம் ஓடியது. நன்றாகவே ஓடியது. வெளியே என் பஸ் வந்து ஆரன் அடித்தது. பழக்க தோஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகப் போனேன். சமாளித்துச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டேன். போனால் போகட்டும், நடந்தே ஊருக்குப் போகிறேன் என்று பல்லைக் கடித்தேன்.

பஸ் போகவில்லை. ஆரன் நின்றது. கொஞ்ச நேரத்தில் கலையரங்கத்தின் பின்கதவு திறந்து, காக்கிச் சட்டையோடு கண்டக்டர் வந்தார். அவர் பின்னால் டிரைவர். அவர் பின்னால் கூடை, பை, கைக்குழந்தை, ஒரு சேவல் சகிதம் மொத்த பஸ்ஸும் வந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியிருப்பதாகவும், வண்டி ஆறுகிற வரை இதைப் பார்க்கலாம் என்றும் கண்டக்டர் அவர்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் புண்ணியவான் நேராக வந்து முன்வரிசையில், சிறப்பு விருந்தினர் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தார். அய்யாவைக் கண்ணால் தேடினேன். காணவில்லை. சரி, மண்டியில் நேரமாகியிருக்கும், வேறு வண்டியில் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சி. இதற்காகத்தானே இரண்டு வருடம் செத்தேன்! "அமைச்சரை இழுத்து வாருங்கள்!" என்றேன். யாரும் வரவில்லை. அமைச்சராக நடித்தவன் இராமேஸ்வரத்துக்காரன். தீர்க்காயுசு படைத்தவர்களின் ரயிலுக்கே நேரமாகிவிட்டது. தாடியைக் கழற்றித் திரை ஓரத்தில் வைத்துவிட்டு அவன் ஓடிவிட்டான் என்பது எனக்குத் தெரியாது. "இழுத்து வாருங்கள்!" என்று மறுபடியும் கத்தினேன். காவலர்கள் ஹாஸ்டல் பையன்கள். ஆண்டு விழாவுக்காக அன்றைக்கு ஹாஸ்டலில் பிரியாணி. சாப்பாட்டு மணி அடித்தது. மன்றத்தின் வரலாற்றில் ஒருபோதும் மேடையைவிட்டுப் போகாத அந்த ஹாஸ்டல் கூட்டம், கையிலிருந்த வேல்களைக் கீழே வைத்துவிட்டுப் போனது. தளபதியாக நின்ற நம் கதாநாயகன் மின்விசிறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காற்றில் வந்த வாசனையை ஒரு இழுப்பு இழுத்தான்.

"அரசி, நாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அவனும் போய்விட்டான். அடப்பாவி!

மேடையில் நான் மட்டும் உயிரோடு நின்றேன். கேட்டதும் அதுதானே? எதிரே நிறைந்த கூட்டம், ஒரு சேவல் உட்பட. ஓரத்தில் சார், கயிறு இழுக்க ஆளில்லாத திரையோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டு, "முடி, முடி" என்று வாயசைத்தார். எப்படி முடிப்பது? தீர்ப்பு என்னிடம் இருக்கிறது, குற்றவாளி இல்லை. விஷக் கோப்பை இருக்கிறது, குடிக்க ஆளில்லை. முன்வரிசையில் கண்டக்டர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். இந்தத் தடவையும் மிச்சக் கதை இல்லை என்று அந்த மனுஷனிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

யாராவது செத்தால்தான் அந்த நாடகம் முடியும். சாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கோப்பையை எடுத்தேன். "ஆளில்லாத நாட்டுக்கு அரசி எதற்கு!" என்றேன். அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. முழுவதும் குடித்தேன். ரோஸ் சர்பத். பாதி தாடையில் வழிந்தது. பஸ் வெளியேதான் நிற்கிறது, அவசரமில்லை என்ற தைரியத்தில் முதல்முறையாக நிதானமாக, ஆசை தீர, படிப்படியாகச் செத்தேன். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை.

அப்போது பின்கதவு பக்கம் ஒரு குரல் கேட்டது.

"ஏத்தா!"

அய்யாவின் குரல். மண்டியில் நாள் முழுக்க மூட்டை தூக்கிய அலுப்பில், காலிச் சாக்குகளுக்கு நடுவே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் தூங்கியிருக்கிறார். விழித்துப் பார்த்தால் கல்லூரி வாசலில் பஸ் நிற்கிறது, உள்ளே ஒரு ஆள் இல்லை. பதறிப்போய் ஓடி வந்தவர் கண்டது, மேடையில் வாயில் சிவப்பு வழியக் கிடக்கும் மகளை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மேடையில் ஏறி என்னை அள்ளி மடியில் போட்டார்.

"ஏலே, இத்தன பேரு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே! எம்புள்ளைய என்னடா செஞ்சீங்க? வண்டிய எடுங்கடா!"

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது என் காதில் கேட்டது. அய்யா அழுது நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தேன்.

"அய்யா, நான் சாகல. நாடகம்."

அவர் என்னையே பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என் தலைக் கிரீடத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு வந்தது பாருங்கள் கோபம்.

"சாகுறதுன்னா சொல்லிட்டுச் சாகணும்ல!"

கலையரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கண்டக்டர் தன்னை மறந்து விசிலை எடுத்து ஊதிவிட்டார். வழக்கமாக அதற்கு வண்டி கிளம்ப வேண்டும் என்று அர்த்தம் என்பதால் பாதிக் கூட்டம் பஸ்ஸை நோக்கி ஓடியது. சேவல் கூவியது. திரை விழவே இல்லை. அந்த அமளியில் யாரோ எடுத்த படம்தான் இப்போது மன்றத்துச் சுவரில் இருக்கிறது. நான் அய்யா மடியில், வாயெல்லாம் சர்பத். பக்கத்தில் விசிலோடு கண்டக்டர். வேறு ஒரு நடிகர் இல்லை.

பஸ்ஸில் அய்யா என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் துண்டால் என் தாடையைத் துடைத்துவிட்டார். நாள் முழுக்க மண்டியில் கிடந்த துண்டு, மிளகாய்த் தூள் அப்படியே இருந்தது. என் முகம் தீயாய் எரிந்தது. கண்ணிலிருந்து தாரைதாரையாய்க் கொட்டியது. அதே துண்டால் அவரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள, அப்பனும் மகளும் அழுதுகொண்டே ஊர் வந்தோம். கண்டக்டர் கிட்டே வந்து, "இது கதையிலயே இல்லையேத்தா" என்றார்.

அபிராமத்தில் இறங்கினோம். அய்யா காலையில் ஸ்டாண்டில் விட்டிருந்த டிவிஎஸ் வண்டியை எடுத்து, நான் ஏறி உட்காரும் வரை காத்திருந்தார். மிதிக்கப் போனவர் நிறுத்தி, திரும்பாமல் சொன்னார்:

"நல்லாத்தான் செத்த."

நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த வருசம் எடையை வெள்ளனே முடிச்சுட்டு மொதல்லயே வந்து உக்காந்துர்றேன். எப்ப போடுவாங்க?"

"அய்யா, இதுதான் கடைசி வருசம். படிப்பு முடிஞ்சுருச்சு."

அவர் வண்டியை மிதிக்கவில்லை.

"முடிஞ்சுருச்சா?" என்றார். "மூணு வருசமா இங்கன நின்னு பஸ்ஸத்தானத்தா பாத்துக்கிட்டு இருந்தேன்."